மன்னார்குடி டிவி, சிங்கப்பூர் போன்

2009 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் பெட்டிக்குள் வேட்டி சட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்லிங்பாக்ஸ் இருந்தது. பிரிட்டனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பன் பாதி விலைக்கு என்னிடம் தள்ளிவிட்டது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குடா?" என்றாள். "நம்ம வீட்டு டிவியை நான் சிங்கப்பூர்ல இருந்தே பார்க்கலாம்மா" என்றேன். "அங்க டிவி இல்லையா?" என்றாள். நியாயமான கேள்வி. அங்கே வசந்தம் இருந்தது, காசு கட்டினால் தமிழ்ச் சேனல்கள் சிலவும் வந்தன. ஆனால் நம் வீட்டில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்ப்பது வேறு விஷயம். அதை அம்மாவுக்கு விளக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஸ்லிங்பாக்ஸ் என்பது கலிபோர்னியாவில் பிளேக், ஜேசன் என்ற கிரிகோரியன் சகோதரர்கள் கொண்டுவந்த சமாச்சாரம். ஊர் ஊராகச் சுற்றும்போது தங்கள் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்தது. 2005இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 2007இல் எக்கோஸ்டார் நிறுவனம் அதைச் சுமார் 38 கோடி டாலருக்கு வாங்கியது. வேலை செய்யும் விதம் எளிது. செட் டாப் பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை இதில் சொருக வேண்டும். இது படத்தைச் சுருக்கி இன்டர்நெட் வழியாக அனுப்பும். சேனல் மாற்ற, ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கு ஒயரோடு வரும். அதை செட் டாப் பாக்ஸின் ரிமோட் கண் மேல் ஒட்டிவிட வேண்டும். நான் சிங்கப்பூரில் பொத்தானை அழுத்தினால், மன்னார்குடியில் அந்த விளக்கு ரிமோட் மாதிரி கண் சிமிட்டும்.

"பெட்டிக்குப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொட்டு. வெள்ளிக்கிழமை தோறும் டிவி ஸ்டாண்டைத் துடைக்கும்போது அது பிய்ந்து போகும். எனக்குச் சேனல் மாறாது. நான் போன் செய்து, "அம்மா, பொட்டு எங்க இருக்குன்னு பாரு" என்பேன். பக்கத்தில் இருந்த சிங்கப்பூர் நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நண்பன் பிரிட்டனில் வாங்கியிருந்ததால் பெட்டி பிஏஎல் என்ற டிவி சிக்னல் முறையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் அதுதான். அமெரிக்காவில் என்டிஎஸ்சி. அந்த நாட்டுக்கென்றே செய்த பழைய வீடியோ சாமான் எதையாவது இங்கே கொண்டுவந்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். யாராவது சும்மா கொடுக்கிறார்கள் என்று வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதல் அடி. சிங்கப்பூரில் என் வீட்டு இணைப்பு வேகமாகத்தான் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து, செயலியை ஓடவிட்டால், தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல ஒரு படம். செய்தி வாசிப்பவருக்கு மூக்கு தெரியவில்லை. இரண்டு நாள் சிங்கப்பூர் ரூட்டரைக் குடைந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: படம் கிளம்புகிற இடம் மன்னார்குடி. டிவி பார்ப்பவனுக்கு எவ்வளவு வேகம் என்பது இங்கே பெரிதல்ல. அனுப்புகிற வீட்டிலிருந்து மேலே போகும் (அப்லோட்) வேகம்தான் எல்லாம். அந்தக் காலத்து டெலிபோன் ஒயர் பிராட்பேண்ட் இறக்குவதற்கு அகலமாகவும் ஏற்றுவதற்கு ஒடுக்கமாகவும் அமைந்தது. எங்கள் வீட்டில் இறக்கம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு இரண்டு மெகாபிட்), ஏற்றம் 400 கேபிபிஎஸ்ஸை எட்டினால் அதிகம். சாதாரண தரத்தில் ஒரு படம் உறுத்தாமல் தெரிய 1 எம்பிபிஎஸ் ஏற்றமாவது வேண்டும். ஹெச்டி என்றால் மூன்று, நான்கு. இன்றும் யாராவது இதைப் பற்றி என்னிடம் கேட்டால், முதலில் ஊர் வீட்டில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து இரண்டாவதாக வரும் எண்ணை எனக்கு அனுப்பு என்றுதான் சொல்கிறேன். முதல் எண்ணை அனுப்பிவிட்டுப் பெருமைப்படுகிறார்கள்.

டேட்டா கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தால் 450 எம்பி. தினம் இரண்டரை மணி நேரம் என்றால் மாதம் 30 ஜிபியைத் தாண்டும். எங்கள் பழைய திட்டத்தில் மேலே போவதும் வரம்புக் கணக்கில் சேர்ந்தது. அந்த மாத பில்லை அப்பா போனில் ராகம் போட்டு வாசித்தார்.

அப்புறம் கலவரம் ஆரம்பித்தது. ஸ்லிங்பாக்ஸை வைத்தது அம்மா பார்க்கிற அதே செட் டாப் பாக்ஸில். ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதன் அர்த்தம் என்னவென்று யோசிக்கவில்லை. இரவு பத்தரைக்கு நான் படுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்கு மாற்றினேன். ஊரில் அப்போது மணி எட்டு. சீரியலில் மாமியார் கதவைத் திறக்கும் நேரத்தில் அம்மாவின் டிவியில் திடீரென்று பச்சை மைதானம். அம்மா ரிமோட்டை எடுத்து மாற்றினாள். நான், என்னடா இது என்று திரும்ப மாற்றினேன். மூன்று முறை நடந்தது. அப்பா ரிமோட் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா அவரை எழுப்பி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். மறுநாள் போனில், "வீட்டு டிவிக்கு என்னமோ ஆயிடுச்சு, தானா சேனல் மாறுது" என்றாள். நான்தான் என்று சொல்லத் தைரியம் வர இரண்டு நாள் ஆனது.

அதன்பிறகு ஒப்பந்தம் போட்டோம். இரவு ஏழிலிருந்து ஒன்பதரை வரை நான் பொத்தானைத் தொடக்கூடாது. ஆனால் எனக்கு வேலை முடிந்து ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான். எனவே அம்மா பார்ப்பதை நானும் பார்த்தேன். சீரியல் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். ஆறே மாதத்தில், யார் யாருக்கு எந்த வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார்கள் என்று அம்மாவோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தேன். படம் எனக்கு எட்டு, பத்து நொடி பிந்தி வரும். "இப்ப அழுவா பாரு" என்பாள் அம்மா. நான் காத்திருப்பேன். அழுவாள்.

இந்தத் தாமதம் கிரிக்கெட்டில் உயிரை எடுக்கும். 2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். குலசேகரா ஓடிவரத் தொடங்கவே இல்லை, போன் அடித்தது. எடுத்தால் அப்பா: "அடிச்சுட்டான்டா! சிக்ஸர்டா!" போனைக் காதில் வைத்துக்கொண்டே தோனி மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்தேன். இந்தியா ஜெயித்ததை என் டிவிக்கு முன் அப்பா சொல்லிவிட்டார் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஆட்டத்தை எத்தனை முறை யூடியூபில் பார்த்தாலும், பந்து வீசும் முன்பே அப்பா குரல் கேட்கிறது.

2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம் வேறொன்று புரிந்தது. கரண்ட் போய் வந்தால் ஸ்லிங்பாக்ஸ் தானே எழுந்துகொள்ளும். மோடம் எழுந்துகொள்ளும், சில நாள் எழாது. செட் டாப் பாக்ஸ் மட்டும் பாதித் தூக்கத்தில், சிவப்பு விளக்கோடு நிற்கும். ரிமோட்டில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே பொத்தான். எட்டாத தூரத்திலிருந்து நான் அதை அழுத்தினால், தூங்குகிற பெட்டியை எழுப்புகிறேனா, விழித்திருக்கிற பெட்டியைத் தூங்க வைக்கிறேனா என்று தெரியாது. அழுத்திவிட்டு அரை நிமிடம் காத்திருந்து படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொறுமையில்லாமல் இரண்டு முறை அழுத்தினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இதற்கு நான் கண்ட வழி மோடத்தையும் ரூட்டரையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போட்டது. டிவிக்கு அது தேவையில்லை. கூடவே, விடியற்காலை நான்கு மணிக்கு மோடத்தை ஐந்து நிமிடம் அணைத்துப் போடும் டைமர் பிளக் ஒன்று. முந்நூறு ரூபாய்ச் சாமான். ஊரில் யாரையாவது கூப்பிட்டு "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று கெஞ்சும் வேலையில் முக்கால்வாசி அதோடு ஒழிந்தது.

2013இல் சம்பளம் கொஞ்சம் ஏறியதும், எனக்கென்று தனி செட் டாப் பாக்ஸ் போட்டேன். அதே டிஷ்ஷிலிருந்து இன்னொரு ஒயர், இன்னொரு கார்டு. அலமாரியில் டிவியே இல்லாமல் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "பார்க்க ஆளில்லாத பெட்டிக்கு மாசாமாசம் பணமா?" என்றார் அப்பா. சண்டை தீர்ந்தது, நினைத்த சேனலை நினைத்த நேரத்தில் பார்த்தேன். இதுதான் சரியான அமைப்பு. யார் கேட்டாலும் இப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆனால் சீக்கிரமே பார்ப்பது குறைந்துவிட்டது. கிரிக்கெட்டுக்கு மட்டும் திறப்பேன். சீரியல் கதை விட்டுப்போனது. அம்மாவிடம் போனில் பேச, சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காத நாட்கள் இருந்தன.

ஒரு நண்பர் அந்தச் சமயத்தில், ஐபிஎல் பார்க்க உன் கடவுச்சொல்லைக் கொடு, ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டுக்கொள்ளலாம் என்றார். மறுத்தேன். ஒரு காரணம், ஸ்லிங்பாக்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். இன்னொரு காரணம், என் வீட்டுக்குக் காசு கட்டி வாங்கியதை நானே பார்ப்பதும் ஊருக்கு விற்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஏரியோ என்ற நிறுவனம் நாணயம் அளவு ஆன்டெனாக்களை ஆயிரக்கணக்கில் வைத்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி ஆன்டெனா என்று சொல்லி உள்ளூர்ச் சேனல்களை இன்டர்நெட்டில் கொடுத்தது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய மூளைகளுக்கே அந்தக் கதி. நான் வக்கீல் இல்லை. ஆனால் எங்கே கோடு போட வேண்டும் என்பதற்கு வக்கீல் தேவைப்படவில்லை.

2017 வாக்கில் எங்கள் தெருக் கேபிளும் டிஜிட்டலானது. கேபிள்காரர் ஒரு பெட்டி கொடுத்தார். அதில் உள்ளூர்ச் சேனல் ஒன்று வந்தது: நகைக்கடை விளம்பரம், காதுகுத்து வாழ்த்து, மீதி நேரம் பழைய பாட்டு. ஆனால் பங்குனி வந்தால் ராஜகோபாலசுவாமி கோயில் பதினெட்டு நாள் திருவிழாவும் அதில் நேரலை. வெண்ணெய்த்தாழி அன்று தவழும் கண்ணனாகப் பெருமாள் வர, ஜனங்கள் வீதி நெடுக வெண்ணெயை அள்ளி வீசுவார்கள். எந்த ஓடிடியிலும் இது இல்லை. சீரியல், சினிமா, கிரிக்கெட் எல்லாம் இப்போது ஏதாவது ஒரு செயலியில் கிடைத்துவிடுகின்றன. அதற்காக மட்டும் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை, காசு கட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சேனல் போல வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். ஸ்லிங்பாக்ஸை டிஷ் பெட்டியிலிருந்து கழற்றிக் கேபிள் பெட்டிக்கு மாற்றினோம். அது அம்மாவின் பெட்டி. மறுபடியும் பழைய ஒப்பந்தம்.

2019இல் அப்பா போய்விட்டார்.

2020 நவம்பரில் ஸ்லிங்பாக்ஸ் தயாரிப்பை நிறுத்துவதாகவும், சர்வர்கள் இரண்டு வருடத்தில் மூடப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. அவகாசம் கொடுத்துத்தான் செய்தார்கள், குறை சொல்ல வழியில்லை. கடைசி வரை தள்ளிப்போட்டவன் நான். 2022 நவம்பர் 9ஆம் தேதிக்குப் பிறகு செயலியைத் திறந்தால் ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது: படம் என் வீட்டிலிருந்து என் போனுக்குத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வீடு எங்கே இருக்கிறது என்று போனுக்குச் சொன்னது அந்த சர்வர். ஆர்வலர்கள் பைத்தானில் ஒரு மாற்று எழுதி இலவசமாகப் போட்டார்கள். அதற்குப் பெட்டியின் கடவுச்சொல் வேண்டும். சர்வர் இருக்கும்போதே எடுத்து வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

2023 பொங்கலுக்குப் போனபோது நானே ஒன்று கட்டினேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி (இனி 'பை') ஒன்று, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை யுஎஸ்பிக்கு மாற்றும் குச்சி ஒன்று. ஹெச்டிஎம்ஐ ஒயரில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அதில் வரும் படம் பூட்டப்பட்டது, குச்சியில் சொருகினால் கறுப்புத் திரைதான். அதை உடைக்கும் வேலைக்கு நான் போகவில்லை. பெட்டியின் பின்னால் ஹெட்போன் துளை மாதிரி ஒரு ஏவி துளை இருக்கிறதே, அது போதும். ஆனால் அதற்கான ஒயரில் ஒரு சூட்சுமம்: எல்லா ஒயரிலும் உள் இணைப்பு ஒரே வரிசையில் இருக்காது. படத்துக்குப் பதில் உர்ரென்று சத்தம் வந்தால் ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. ராஸ்பெர்ரி பையில் புதிய 5ஐ வாங்கிவிடாதீர்கள், படத்தைச் சுருக்கும் ஹெச்264 சில்லு அதில் இல்லை. இந்த வேலைக்குப் பழைய 4தான் ஒஸ்தி.

எஃப்எஃப்எம்பெக் படத்தைச் சுருக்கும், மீடியாஎம்டிஎக்ஸ் அதைப் பிரவுசருக்கு அனுப்பும். இரண்டும் இலவச மென்பொருட்கள். முதல் நாள் நடப்பவர்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்தது. டிவி படம் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு தவணையில் வருவதால் அப்படி. எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போய்விடும். இரண்டாம் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. பாதி ராத்திரி வரை ஒயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில், பிரவுசருக்குத் தாமதமில்லாமல் படம் அனுப்பும் வெப்ஆர்டிசி வழியில் ஏஏசி வகை ஒலி போகாது, ஓபஸ்ஸாக மாற்றி அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது. இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அன்று தூங்கியிருப்பேன். தாமதம் இப்போது ஒரு நொடி சுமார்.

வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் பெரிய தலைவலி. ஊரில் இப்போது ஃபைபர், ஏற்றமும் இறக்கமும் 50 எம்பிபிஎஸ். பழைய பழக்கத்தில் ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ரூட்டரின் வெளி ஐபி எண்ணைப் பார்த்தால் 100.70 என்று தொடங்கியது. 100.64இலிருந்து 100.127 வரை வந்தால் அது உங்கள் சொந்த முகவரி இல்லை. அபார்ட்மென்ட் மாதிரி பல வீட்டுக்கு ஒரே வாசல். வெளியிலிருந்து தட்டினால் கதவு உங்களுடையது அல்ல. இணைப்புக்காரரிடம் தனி ஐபி கேட்கலாம், காசு ஆகும். நான் டெயில்ஸ்கேல் போட்டேன். வயர்கார்டு என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள் போடும் தனிச் சுரங்கப் பாதை. பையிலும் போனிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம் என்பது கூடுதல் நிம்மதி. கடவுச்சொல் இல்லாமல் போர்ட்டைத் திறந்து வைத்தால் உங்கள் வீட்டு டிவியை மட்டுமா பார்ப்பார்கள்? வேடிக்கை என்னவென்றால், டெயில்ஸ்கேல் கொடுக்கும் எண்ணும் 100 என்றுதான் தொடங்கும். எது யாருடையது என்று புரியாமல் ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். இதுவும் இன்னொருவர் சர்வரை நம்பியதுதானே என்றால், ஆமாம். ஆனால் அது நாளைக்கு மூடினால் வயர்கார்டை நானே நிறுவிக்கொள்வேன். பெட்டி சாகாது.

சேனல் மாற்றும் பொட்டு மட்டும் மிச்சம் இருந்தது. பையில் ஒரு அகச்சிவப்பு எல்இடி சொருகினால் போதும், அரை மணி நேர வேலை. எல்இடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "நீ எப்ப பார்க்கிறன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பதிமூன்று வருடமாக நான் அதை யோசித்ததே இல்லை. அவளுக்கு அது ஒட்டுக் கேட்பது போல இருந்திருக்குமோ என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. நீ இருக்கியான்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றாள்.

மீடியாஎம்டிஎக்ஸில் யாராவது பார்க்க வந்தால் ஒரு கட்டளையையும், போனால் இன்னொரு கட்டளையையும் ஓட்ட வசதி இருக்கிறது. அகச்சிவப்பு எல்இடியை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி ஒன்றைச் சொருகினேன். நான் பார்க்கத் தொடங்கினால் எரியும், நிறுத்தினால் அணையும். பழைய பொட்டு இருந்த இடத்திலேயே, செட் டாப் பாக்ஸின் நெற்றியில் ஒட்டினேன். சேனல் மாற்றும் வசதி வைக்கவே இல்லை.

அந்தப் பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று ஆபீஸ் கான்டீனில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். சீரியல் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட நம்பரைத் தேடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"பொட்டு எரியுது. இரு, கோயில் சேனல் வைக்கிறேன்."